குப்பையிலிருந்து சக்தி: நிலநிரப்பு வாயு

மாணவர்களே, உங்கள் வீட்டில் ஒரு நாளில் சேரும் குப்பையை எண்ணிப் பாருங்கள். மரக்கறித் தோல், மிஞ்சிய சோறு, தேங்காய்ப்பூச் சக்கை என உக்கக்கூடியவையே அதில் அதிகம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் இவற்றைக் கானிலோ ஓடைக்கரையிலோ கொட்டினால், மழைநீருடன் கழிவு களு கங்கையையும் களனி கங்கையையும் சென்றடையும். ஆனால் இதே குப்பையிலிருந்து சக்தியையும் பெறலாம்.

வாயு உண்டாகும் விதம்

குப்பையை ஆழமாக நிரப்பி மண்ணால் மூடும்போது உள்ளேயுள்ள ஒட்சிசன் தீர்ந்துவிடும். அதன்பின் ஒட்சிசன் இன்றி வாழும் நுண்ணங்கிகள் சேதனப் பொருள்களைப் பிரிகையடையச் செய்யும். அப்போது வெளிவரும் கலவையே நிலநிரப்பு வாயு ஆகும். அதில் ஏறத்தாழப் பாதி மெதேன். எஞ்சியதில் பெரும்பகுதி காபனீரொட்சைட்டு. மெதேனுக்கு மணமில்லை. நாற்றத்துக்குக் காரணம் சிறிதளவில் உள்ள ஐதரசன் சல்பைட்டு போன்ற வாயுக்களே.

அதனை ஏன் சேகரிக்க வேண்டும்?

1. மெதேன் ஒரு பச்சைவீட்டு வாயு. 100 ஆண்டுக் காலத்தைக் கருதினால், சம திணிவுள்ள காபனீரொட்சைட்டைவிட அது ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமாதலை ஏற்படுத்தும்.
2. வளியில் 5% முதல் 15% வரை கலந்துள்ளபோது தீப்பொறி பட்டால் வெடிக்கும்.
3. அது சிறந்த எரிபொருள்.

மெதேன் + ஒட்சிசன் → காபனீரொட்சைட்டு + நீர் + சக்தி

எரித்தாலும் காபனீரொட்சைட்டு வெளிவருகிறதே என நீங்கள் கேட்கலாம். அந்தக் காபன் தாவரங்கள் அண்மையில் வளியிலிருந்து பெற்றதே. மேலும், மெதேனை அப்படியே வெளியேற விடுவதைவிட எரிப்பதால் தீங்கு குறைகிறது.

மின்னாக்கும் விதம்

துளையிட்ட குழாய்களைக் குப்பையினுள் புதைத்து வாயுவை உறிஞ்சி எடுப்பர். ஈரத்தையும் ஐதரசன் சல்பைட்டையும் நீக்கியபின் எரித்து, மின்பிறப்பாக்கியை இயக்குவர். இங்கு இரசாயனச் சக்தி வெப்பச் சக்தியாகவும், பின் இயக்கச் சக்தியாகவும், இறுதியில் மின்சக்தியாகவும் மாறுகிறது. தென் கொரியாவின் சூடோக்வோன் நிலநிரப்பில் இம்முறையில் 50 மெகாவாற்று மின்நிலையம் அமைக்கப்பட்டது.

இலங்கையின் நிலை

திட்டமின்றிக் குவித்த குப்பை உயிரையும் பறிக்கும். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தில், கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 30க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2021இல் கெரவலப்பிட்டியவில் 10 மெகாவாற்று மின்நிலையம் திறக்கப்பட்டது. கவனிக்க: அங்கு குப்பையே நேரடியாக எரிக்கப்படுகிறது, அது நிலநிரப்பு வாயு அன்று.

தோட்டத்துக்கு ஏற்ற வழி

நிலநிரப்பு வாயுவுக்குப் பெருநகரம் ஒன்றின் அளவுக்குக் குப்பை தேவை. ஒரு தோட்டத்துக்கு உயிர்வாயுத் தொட்டியே பொருத்தம். மாட்டுச் சாணத்தையும் சமையற் கழிவையும் நீருடன் கலந்து காற்றுப்புகாத தொட்டியில் இட்டால், முன்னர் கூறிய அதே செயன்முறை அங்கும் நிகழும். வாயுவை அடுப்புக்கும் எஞ்சும் கூழை மரக்கறித் தோட்டத்துக்கும் பயன்படுத்தலாம். விறகு சுமப்பதும், புகையில் நின்று சமைப்பதும் குறையும். இதற்கு முதற்படி, பொலித்தீனையும் கண்ணாடியையும் வீட்டிலேயே வேறாக்குவதாகும்.

பயிற்சி

1. நிலநிரப்பு வாயுவின் பிரதான கூறுகள் இரண்டைத் தருக.
2. அதனை மீளப் புதுப்பிக்கத்தக்க சக்தி மூலமாகக் கருதுவது ஏன்? (குறிப்பு: சேதனக் கழிவு தொடர்ந்து உண்டாகிறது. எனினும் மூடப்பட்ட ஒரு நிலநிரப்பில் வாயு காலப்போக்கில் குறையும்.)
3. உங்கள் தோட்டத்தில் உயிர்வாயுத் தொட்டி ஒன்றை அமைப்பதால் கிடைக்கும் நன்மைகள் மூன்றைக் கூறுக.