டொமைன் மாறினால் இரவு வேலைகள் ஏன் நிற்கின்றன?

2019 ஏப்ரல் 1 அன்று பல்லவன் கிராம வங்கியும் பாண்டியன் கிராம வங்கியும் இணைந்து, சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கி உருவானது. அதே ஆண்டு நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அடுத்த ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடு சேர்ந்தது. நிறுவனங்கள் இணைந்தாலும் பிரிந்தாலும் கணினிப் பிரிவினருக்கு வந்து சேரக்கூடிய வேலைகளில் ஒன்று, சர்வர்களை ஒரு டொமைனிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது.

இங்கே டொமைன் என்பது இணையதள முகவரி அல்ல. ஒரு நிறுவனத்தின் கணினிகளும் ஊழியர் கணக்குகளும் ஒரே பதிவேட்டின் கீழ் இருக்கும் ஏற்பாடு. விண்டோஸ் உலகில் அந்தப் பதிவேட்டின் பெயர் ஆக்டிவ் டைரக்டரி. காலையில் ஊழியர் ஒருமுறை பாஸ்வேர்டு கொடுத்தால் போதும். டேட்டாபேஸ் சர்வர் மறுபடி கேட்காமல், டொமைன் சொல்வதை நம்பி உள்ளே விடுகிறது.

இந்த நம்பிக்கை எங்கே உடைகிறது என்பதற்கு ஓர் ஒப்பீடு: தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த கிளியனூர் என்ற ஊர், 1993-ல் விழுப்புரம் மாவட்டத்துக்கு வந்தது. ஊர்ப்பெயர் அப்படியே இருந்தது. மாவட்டம் மாறியதற்காக யாரும் நிலத்துக்குப் புது சர்வே எண் போடவில்லை. டொமைன் மாற்றத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. ஊழியரின் பெயர் அதேதான், ஆனால் அவர் கணக்கின் அடையாள எண் புதிது. எஸ்ஐடி எனப்படும் அந்த எண்ணை வைத்துத்தான் மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் ஆளை அறிகிறது. அதனால் பத்து வருடம் வேலை பார்த்தவரும் அதற்கு அந்நியராகிவிடுகிறார்.

எஸ்க்யூஎல் சர்வரில் அவருக்கு இருக்கும் நுழைவுப் பதிவான பழைய லாகினின் பெயரை மட்டும் திருத்தினால் வேலைக்காகாது, எண் பொருந்தாது. புது டொமைன் கணக்குக்கு லாகின் உருவாக்கி, ஒவ்வொரு டேட்டாபேஸிலும் பழைய பயனரை அதோடு இணைக்க வேண்டும். அப்படிச் செய்தால் டேட்டாபேஸுக்குள் கொடுத்த உரிமைகள் அப்படியே நிற்கும். மாற்றத்துக்கு முன்பே, டொமைனைச் சாராத, எஸ்க்யூஎல் சர்வரின் சொந்த நிர்வாகிக் கணக்கான 'எஸ்ஏ' திறக்கிறதா என்று பார்த்துவிடுவது அவசியம். இல்லையென்றால் நிர்வாகிகளே வெளியே நிற்க நேரும்.

லாகின் கோளாறு காலை பத்து மணிக்கே தெரிந்துவிடும், ஊழியர்கள் போன் செய்துவிடுவார்கள். எனக்குக் கவலை தருவது இரவில் தானாக ஓடும் ஜாப்கள்தான். ஒவ்வொரு ஜாபுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. அது டொமைன் கணக்காக இருந்தால், ஜாப் ஓடும் முன் அந்தக் கணக்கு யாருடையது என்று சர்வர் டொமைனிடம் விசாரிக்கும். பழைய டொமைனிலிருந்து பதில் வராதபோது 15404 என்ற பிழையோடு ஜாப் நின்றுவிடும். எச்சரிக்கை மின்னஞ்சல் அமைக்காத இடத்தில் இது யார் கண்ணிலும் படாது. வட்டிக் கணக்கோ நிலுவைப் பட்டியலோ நின்றால் ஓரிரு நாளில் யாராவது கேட்பார்கள். பேக்கப் நின்றுபோனதை, டிஸ்க் பழுதாகும் நாள் வரை ஒருவரும் கேட்கமாட்டார்கள். கிளியனூர் விவசாயி கட்டிய பயிர்க்கடன் தவணைக்கு அந்த பேக்கப்தான் காப்பு.

உரிமையாளரை 'எஸ்ஏ' என்று மாற்றுவது இதற்கு நேரான வழி. தனி ஊழியர் பெயரில் ஜாப் வைப்பதே தவறு என்பேன். அவர் வேலையை விட்டுப் போய் கணக்கு நீக்கப்பட்டாலும் இதே கதிதான். உரிமையாளரைச் சரிசெய்த பிறகும், பேக்கப்பை எழுதும் எஸ்க்யூஎல் சர்வர் சர்வீஸின் கணக்குக்கு, அது போய்ச் சேரும் பகிர்வு ஃபோல்டரில் எழுத அனுமதி வேண்டும். ஜாபின் படிகளை வேறொரு கணக்கின் பெயரில் ஓட்டும் ப்ராக்ஸிகள் பயன்படுத்தும் பழைய பாஸ்வேர்டுகளையும் புதுப்பிக்க வேண்டும்.

2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி தன் முழுக் கணினி அமைப்பையும் மாற்றியபோது, 19 லட்சம் வாடிக்கையாளர்கள் வரை தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தனர். டொமைன் மாற்றம் அதைவிடச் சிறியது, ஆனாலும் சோதனை அதே அக்கறையோடு நடக்க வேண்டும். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் ஜாப்கள் எளிதில் விட்டுப்போகும் என்பதால், அவற்றைக் கையால் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. பழைய டொமைன் கணக்குகளை உடனே அழிக்காமல் முதலில் முடக்கி வைக்கலாம். ஏதாவது நின்றால் திரும்பத் திறந்துகொள்ளலாம். அழித்துவிட்டு அதே பெயரில் புதிதாகத் தொடங்கினால் எண் வேறாகிவிடும்.