கடைசி 4,850 லிட்டர்

மதுரை காளவாசல் சந்திப்பிலிருந்து ராமேஸ்வரம் துறைமுகம் ஏறக்குறைய 175 கிலோமீட்டர். உப்புக்காற்று எட்டாத இடம். ஆனாலும் பாக் நீரிணையில் மடி இழுக்கிற விசைப்படகுகள் பலவற்றின் வயிற்றில் இருப்பது லாரி வம்சத்து என்ஜின்தான். அசோக் லேலண்டின் 6 சிலிண்டர் என்ஜினைக் கடலுக்கென்று மாற்றிப் பொருத்தியிருப்பார்கள். பம்பு, நாசில், ஸ்டார்ட்டர், 24 வோல்ட்டுக்கு இரண்டு பேட்டரி என்று அதில் இருப்பதெல்லாம் மதுரை பைபாஸ் ரோட்டுப் பட்டறைக்காரர்கள் கைக்குப் பழகியவை. பம்பைக் கழற்றிச் சாக்கில் கட்டிக் காலை பஸ்ஸில் ஏற்றினால் மத்தியானத்துக்குள் மதுரை வந்துவிடும். அதனால் ஒரு படகின் வருடக் கணக்கை இங்கே உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம். அரசு அறிவித்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். விலையிலும் ஓட்டத்திலும் நானாக வைத்துக்கொண்டவற்றை அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். உங்கள் படகுக்கு வேறு எண் என்றால் அதைப் போட்டுப் பாருங்கள்.

முதலில் ஓட்டம். கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். மிச்சம் 304 நாள், சுமார் 43 வாரம். பாக் நீரிணையில் வாரத்தில் 3 நாள் விசைப்படகுக்கு, 4 நாள் நாட்டுப்படகுக்கு. அதன்படி அதிகபட்சம் 130 முறை கடலுக்குப் போகலாம். புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம், பழுது எல்லாம் கழித்து 90 என்று வைக்கிறேன். ஒரு போக்குக்கு என்ஜின் 20 மணி நேரம் ஓடினால் வருடத்துக்கு 1,800 மணி. மணிக்கு 45 கிலோமீட்டர் போகும் லாரிக்கு இது 81,000 கிலோமீட்டர். லாரிக்காரர் மீட்டரைப் பார்த்து ஆயில் மாற்றுகிறார். படகில் கிலோமீட்டர் இல்லை. மணிக்கணக்கு காட்டும் மீட்டர் இருந்தாலும் பல நேரம் ஓடுவதில்லை. வேறெதையும் செய்யாவிட்டாலும் வீல்ஹவுஸில் ஒரு நோட்டு வைத்துப் போன நேரம், வந்த நேரம் எழுதினால் போதும், பாதிப் பராமரிப்பு அங்கேயே தொடங்கிவிடும்.

அடுத்தது டீசல். 100 குதிரைத்திறன் என்ஜின், சராசரியாக 60 சதவீத பாரத்தில் ஓடுகிறது என்று கொள்வோம். ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.22 லிட்டர் வீதம் 13.2 லிட்டர் ஆகும். 20 மணிக்கு 264. கணக்குக்கு 265 லிட்டர். 90 போக்குக்கு 23,850 லிட்டர்.

இதில் எவ்வளவு வரியில்லாமல் கிடைக்கும்? 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில், விசைப்படகுக்கான விற்பனை வரி விலக்கு டீசல் வருடத்துக்கு 18,000 லிட்டரிலிருந்து 19,000 லிட்டராகும் என்றும், இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டர் 4,400 ஆகும் என்றும் அறிவிப்பு வந்தது. தமிழ்நாட்டில் டீசலுக்கு மதிப்புக் கூட்டு வரி 11 சதவீதமும் அதற்கு மேல் லிட்டருக்கு ரூ.9.62-ம். பங்க் விலையை ரூ.92.40 என்று எடுத்தால் அதில் வரி ரூ.17.80 சுமார், வரியில்லாத விலை ரூ.74.60.

19,000 லிட்டர் × ரூ.74.60 = ரூ.14,17,400
4,850 லிட்டர் × ரூ.92.40 = ரூ.4,48,140
மொத்தம் = ரூ.18,65,540

விலக்கினால் மிச்சமாவது ரூ.3,38,200. சின்னத் தொகை இல்லை. ஆனால் என் கண் நிற்பது இரண்டாவது வரியில். சலுகை டீசல் எப்படியும் முழுதாகத் தீர்ந்துவிடும்; அதற்கு மேல் போகிற 4,850 லிட்டர்தான் முழு விலைக்கு வாங்குவது. ஆகவே பராமரிப்பால் மிச்சமாகிற ஒவ்வொரு லிட்டரும் அந்த 92 ரூபாய் லிட்டரிலிருந்துதான் குறைகிறது. “டீசல்தான் மானியத்தில் வருதே, கொஞ்சம் ஒழுகினா என்ன” என்று சொல்கிறவர் இந்த இரண்டாவது வரியைப் பார்ப்பதில்லை.

ஒழுக்கையே எடுத்துக்கொள்வோம். நாசிலிலிருந்து திரும்பும் லைனில் ஒரு செம்பு வாஷர் நசுங்கி, நொடிக்கு ஒரு சொட்டு விழுகிறது. ஒரு மில்லிக்கு 40 சொட்டு என்று குறைத்தே வைத்தாலும் மணிக்கு 90 மில்லி, ஒரு போக்குக்கு 1.8 லிட்டர், வருடத்துக்கு 162 லிட்டர். ரூ.14,970 அடிமடையில் போய்க் கலந்து, இறைக்கும் தண்ணீரோடு கடலில் சேர்கிறது. வாஷர் விலை சில ரூபாய்.

இனி பம்பும் நாசிலும். இங்கேதான் மதுரைக்கு வேலை. 1,500 ஆர்.பி.எம்.மில் ஓடும் நாலு ஸ்ட்ரோக் என்ஜினில் ஒரு நாசில் நிமிடத்துக்கு 750 முறை டீசல் பீய்ச்சும். மணிக்கு 45,000 முறை. வருடத்தின் 1,800 மணிக்கு 8 கோடியே 10 லட்சம் முறை. ஒரு பீய்ச்சலின் அளவு 13.2 லிட்டரை 2,70,000-ஆல் வகுத்தால் 0.049 மில்லி. ஒரு பெரிய சொட்டு, அவ்வளவே. அந்தச் சொட்டைச் சுமார் 200 பார் அழுத்தத்தில் பொடிப்புகையாக்கி உள்ளே அனுப்ப வேண்டும். பம்புக்குள் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் இடைவெளி 2, 3 மைக்ரான்தான். நம் தலைமுடியின் கனம் 70 மைக்ரான் பக்கம். அந்த இடுக்கில் ஒரு துளி உப்புத்தண்ணீர் இரண்டு மாதம் நின்றால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

பட்டறையில் நாசிலை டெஸ்டரில் மாட்டிக் கைப்பிடியை அழுத்துவார்கள். நல்ல நாசில் என்றால் முள் ஏறி, ஒரு கறகறப்போடு புகைபோல விசிறிவிட்டு நுனி காய்ந்து நிற்கும். கெட்ட நாசிலில் நுனியில் ஒரு மணி தொங்கும், பிறகு சொட்டும். அந்தத் தொங்கும் மணிதான் கடலில் கறுப்புப் புகையாகப் போவது. அடுத்து டெஸ்ட் பெஞ்ச். பம்பை ஏற்றிச் சுழலவிட்டால் எதிரே வரிசையாக ஆறு கண்ணாடிக் குழாயில் டீசல் இறங்கும். 200 ஸ்ட்ரோக்குக்கு ஒவ்வொன்றிலும் 9.8 மில்லி சுமார் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 11, இன்னொன்றில் 8 நின்றால் அந்த என்ஜின் நொண்டுகிறது. ஒரு சிலிண்டர் இன்னொன்றின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

பம்பு, ஆறு நாசில், போக்குவரத்து எல்லாம் சேர்த்து ரூ.25,000 என்று தாராளமாக வைக்கிறேன். ரூ.92.40 வீதம் அது 271 லிட்டர். வருட டீசலில் 1.1 சதவீதம். அதாவது வேலை முடிந்தபின் டீசல் நூற்றுக்கு ஒன்றேகால் லிட்டர் குறைந்தாலே போட்ட பணம் வந்துவிடும். 3 சதவீதம் குறைந்தால் 715 லிட்டர், ரூ.66,000.

மதுரைக்கு எரிபொருள் கணக்கு புதிதல்ல. இரண்டாம் உலகப்போர் காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது, இங்கே பஸ் ஓட்டிக்கொண்டிருந்த டி.வி.எஸ். நிறுவனம் கரியிலிருந்து வாயு எடுத்து வண்டியை ஓட்டும் கருவியைச் செய்து விற்றது. தட்டுப்பாடு வந்தால் கணக்குப் பார்க்கிற ஊர் இது.

பம்புக்கு முன்னால் டேங்கும் ஃபில்டரும். தடைக்காலத்தில் பாதி நிறைந்த டேங்க் 61 நாள் வெயிலிலும் இரவுக் குளிரிலும் மாறிமாறி நின்றால், உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் வியர்த்து அடியில் தண்ணீராகச் சேரும். டேங்கை ஒன்று முழுக்க நிரப்பிவிட வேண்டும், இல்லை முழுக்க வடித்துத் துடைத்துவிட வேண்டும். முடிந்தவர்கள் வடிப்பதுதான் நல்லது என்பது என் எண்ணம். 500 லிட்டரை டேங்கில் போட்டு வைத்தால் ரூ.37,300 முடங்கும், காவலும் வேண்டும். கடலுக்குப் போகும் காலத்தில் வாட்டர் செபரேட்டர் கிண்ணத்தைத் தினம் கிளம்புமுன் ஒரு டம்ளர் வடித்துப் பார்ப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. 250 மணிக்கு ஒரு முறை இரண்டு ஃபில்டர் மாற்றினால் வருடத்துக்கு 14, ஒன்று ரூ.400 என்றால் ரூ.5,600. என்ஜின் ஆயிலும் அதே 250 மணி: 7 முறை, முறைக்கு 14 லிட்டர், லிட்டர் ரூ.300 என்றால் ரூ.29,400. டீசல் செலவில் இது 1.6 சதவீதம். ஆயிலை 500 மணிக்குத் தள்ளி ரூ.14,700 மிச்சம் பிடிக்கிறவர் கிராங்க் பேரிங்கைப் பணயம் வைக்கிறார்.

கையில் ரெஞ்ச் இல்லாமலே கிடைக்கிற பெரிய மிச்சம் ஆக்ஸிலேட்டரில் இருக்கிறது. புரொப்பெல்லர் சுழற்சி கூடக்கூட அதற்கு வேண்டிய சக்தி மூன்றாம் அடுக்கு விதியில் ஏறும். சுழற்சியை 10 சதவீதம் குறைத்தால் சக்தி 27 சதவீதம் குறைகிறது. போக வர 4 மணி நேரம் முழு வேகத்தில் ஓட 88 லிட்டர். 10 சதவீதம் குறைத்து ஓடினால் 27 நிமிடம் கூடுதலாகும், ஆனால் டீசல் 71 லிட்டர்தான். 90 போக்குக்கு சுமார் 1,500 லிட்டர், ரூ.1,38,600. முன்னால் போய் நல்ல இடம் பிடிக்க வேண்டுமே என்பார்கள். போகும்போது அந்த அவசரம் எனக்குப் புரிகிறது. திரும்பும்போது மற்றப் படகுகளும் சேர்ந்தேதான் கரைக்கு வருகின்றன. குறைந்தது அந்தப் பாதித் தூரத்திலாவது வேகத்தைக் குறைக்கலாமே.

படகின் அடிப்பாகமும் எரிபொருள் கணக்கில்தான் சேரும். ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பான எஃப்.ஏ.ஓ.வின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் செலவு பற்றி 1986-இல் அது வெளியிட்ட ஆய்வின்படி, பாசியும் கொட்டலசும் ஒட்டாமல் தடுக்கும் பெயின்ட் அடிக்காத படகுக்கு ஒரே மாதத்தில் 7 சதவீதமும் ஆறு மாதத்தில் 44 சதவீதமும் கூடுதல் எரிபொருள் ஆகலாம். இழுவைப் படகில் மடியின் பாரமே பெரிது என்பதால் 44 முழுதாக இங்கே பொருந்தாது. 7 சதவீதத்தை மட்டும் எடுத்தாலும் மாதத்துக்கு 167 லிட்டர், ரூ.15,430.

பேட்டரியின் கணக்கு பணத்தில் சிறியது, ஆபத்தில் பெரியது. 150 ஏ.ஹெச். பேட்டரி வரிக்கு முன் ரூ.12,000 என்று வைத்தால், 2025 செப்டம்பர் 22-க்கு முன் 28 சதவீத ஜி.எஸ்.டி.யோடு ரூ.15,360, இப்போது 18 சதவீதத்தில் ரூ.14,160. ஜோடி ரூ.28,320. இரண்டு வருடம் உழைத்தால் போக்குக்கு ரூ.157, மூன்று வருடம் உழைத்தால் ரூ.105. சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பேட்டரிக்காரர்கள் எல்லோரும் அறிந்த கணக்கு. ஆனாலும் பல படகுகளில் பேட்டரி சைலன்ஸர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. கேபிளை ஒரு முழம் நீட்டி எட்ட நகர்த்துங்கள். ஆசிட்டின் கிராவிட்டி 1250 இருந்தால் நிறைவு; 1200-க்குக் கீழே போனால் சார்ஜுக்கு எடுக்க வேண்டும். மட்டம் இறங்கினால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஆசிட் வேண்டாம், குழாய்த் தண்ணீரும் வேண்டாம். தடைக்காலத்தில் சும்மா கிடந்தாலே 61 நாளில் 10 சதவீதம் இறங்கும், வெயிலில் அதற்கு மேலும். மாதம் ஒரு முறை 15 ஆம்பியரில் சார்ஜ் ஏற்றி வைத்தால் தட்டில் வெள்ளை படியாது.

ஆபத்து என்றது இதை. இரவில் என்ஜின் நின்று, பேட்டரி அதைக் கிளப்பவும் மறுத்தால் படகு நீரோட்டத்தோடு போகும். ஒரு நாட் வேகத்தில் 6 மணி நேரத்துக்கு 11 கிலோமீட்டர். 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தம் போட்ட எல்லைக்கோடு இவ்வளவு கிட்டே இருக்கிற நீரிணையில், 11 கிலோமீட்டர் என்பது படகையும் ஆட்களையும் இழக்கப் போதுமான தூரம்.

இத்தனை கணக்கும் தெரிந்தும் ஏன் செய்வதில்லை? காலம்தான் தடை. பம்பு வேலை, ஒரு ஜோடி பேட்டரி, முதல் ஆயில் சேர்ந்தால் ரூ.57,520. இதை மே மாதத்தில் எடுத்து வைக்க வேண்டும். அப்போது வரவு ஒன்றுமில்லை. தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு ரூ.8,000, 61 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு ரூ.131. மாதம் 3 வட்டிக்கு வாங்கினால் நாலு மாதத்தில் வட்டி மட்டும் ரூ.6,900. பல படகுகளில் டீசல் செலவைக் கழித்த பிறகுதான் பங்கு பிரிக்கிறார்கள். அதனால் எரிந்து போகிற ஒவ்வொரு லிட்டரும் மடி இழுக்கிறவரின் கூலியிலும் கை வைக்கிறது. படகுக்கு ரூ.3,38,200 வரியை விட்டுக்கொடுக்கிற அரசு, அதில் 7.4 சதவீதமான ரூ.25,000-ஐ மே மாதத்தில் பம்பு வேலைக்கென்று முன்பணமாகக் கொடுத்து, சலுகை டீசலில் தவணையாகக் கழித்துக்கொள்ளலாம். கஜானாவுக்கு வட்டி மட்டும்தான் செலவு.

அதுவரை, பம்பைத் தூக்கிக்கொண்டு மதுரை வருகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். “பம்பு சர்வீஸ்” என்று ஒரே வரியில் எழுதிய பில்லை வாங்காதீர்கள். பெஞ்சில் ஏற்றியவுடன் ஆறு குழாயிலும் நின்ற அளவு, வேலை முடிந்தபின் நின்ற அளவு, ஒவ்வொரு நாசிலும் திறந்த அழுத்தம் என்று பதினெட்டு எண்களையும் எழுதிக் கேளுங்கள். அடுத்த வருடம் அதே தாளோடு வாருங்கள்.