குழப்படிக்காரப் பிள்ளையா, கவனம் நிலைக்காத பிள்ளையா?

“ஓர் இடத்தில் இருக்கமாட்டான். கொப்பியைத் திறந்தால் ஐந்து நிமிடத்தில் எழும்பிவிடுவான். அடித்தும் பார்த்துவிட்டோம்.” இப்படி நொந்துபோய்ப் பேசும் தாய்மாரை நீங்கள் சந்தித்திருப்பீர்கள். ஒருவேளை அந்தத் தாய் நீங்களாகவே இருக்கலாம்.

சிறு பிள்ளைகள் ஓடுவதும் ஆடுவதும் இயல்பு. ஆனால் கவனம் சிதறுவது, அளவுமீறிய துடிதுடிப்பு, யோசியாமல் செய்துவிடுவது ஆகியவை 12 வயதுக்கு முன்பே தோன்றி, 6 மாதங்களுக்கு மேல் நீடித்து, வீட்டில் மட்டுமன்றிப் பாடசாலையிலும் குர்ஆன் மத்ரஸாவிலும் பிள்ளையைப் பாதித்தால், அது ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடாக இருக்கலாம்.

இது இன்று நேற்றுக் கண்டறியப்பட்டதல்ல. புத்தியில் குறைவில்லாதிருந்தும் தம்மைக் கட்டுப்படுத்த இயலாத பிள்ளைகளைப் பற்றி, 1902இல் லண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் என்ற வைத்தியர் விரிவுரைகள் நிகழ்த்தினார். இக்குறைபாட்டில் பரம்பரைக்குப் பெரும் பங்குண்டு. சீனி தின்பதால் இது வருவதில்லை. உங்கள் வளர்ப்பின் பிழையுமல்ல.

பெண் பிள்ளைகள் விடயத்தில் கூடுதல் அவதானம் தேவை. அவர்களிற் பலர் ஓடித் திரிவதில்லை. வகுப்பில் அமைதியாக இருப்பார்கள். மனம் மட்டும் வேறெங்கோ இருக்கும். “சோம்பேறி” என்ற பெயரோடு வளர்ந்துவிடுவார்கள்.

இங்கே பெற்றோர் விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. இந்தப் பிள்ளை கேட்க மறுக்கவில்லை. கேட்டதை மனதில் நிறுத்த முடியாமல் தவிக்கிறது. பிரம்பால் அந்தத் திறமையைக் கொடுக்க முடியாது. நாளெல்லாம் ஏச்சு வாங்கும் பிள்ளை, “நான் கெட்டவன்” என்று தன்னைத்தானே நம்பிவிடும். அந்தக் காயம் குறைபாட்டை விடப் பெரியது.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை:

1. அருகில் சென்று, முகம் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள்.

2. எழும்பும் நேரம், படிக்கும் நேரம், உறங்கும் நேரம் ஆகியவற்றை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

3. பாடத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, இடையில் சிறிது ஓடியாட விடுங்கள். படிக்குமிடத்தில் தொலைக்காட்சியோ கைத்தொலைபேசியோ வேண்டாம்.

4. நல்லதைச் செய்த அந்த நொடியிலேயே பாராட்டுங்கள். மாத முடிவில் தரும் பரிசு இவர்களுக்கு வெகுதூரம்.

5. வகுப்பாசிரியரிடம் பேசி, பிள்ளையை முன்வரிசையில் அமர்த்தக் கேளுங்கள்.

இரத்தப் பரிசோதனையால் இதைக் கண்டறிய முடியாது. பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் விசாரித்தே வைத்தியர் முடிவுக்கு வருவார். பார்வை, செவிப்புலன், உறக்கம் ஆகியவற்றில் குறையுண்டா என்றும் பார்க்க வேண்டும். 6 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் பயிற்சியே முதல் வழி. வளர்ந்த பிள்ளைகளுக்குத் தேவையானால் மெதைல்பெனிடேட் போன்ற மருந்து கொடுக்கப்படும். அது பசியையும் உறக்கத்தையும் குறைக்கக்கூடும். ஆகவே வைத்தியரின் கண்காணிப்பு அவசியம். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தில் முதலில் விசாரியுங்கள். கொழும்பு சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலும் சிறுவர் உளநலச் சேவை உண்டு.

இன்றிரவு பிள்ளை உறங்கப் போகுமுன், அது இன்று செய்த நல்லதொன்றைத் தேடிப்பிடித்துச் சொல்லுங்கள். தேடினால் நிச்சயம் ஒன்று கிடைக்கும்.