தீர்ப்பின் நகலைப் பெறும் முறை

சென்ற ஆண்டு நம் வட்டாரத்துக் குடியானவர் ஒருவர் வாய்க்கால் பாதை வழக்கொன்றில் தோற்றார். மேல்முறையீடு செய்ய எண்ணியவர், அறுவடை முடியட்டும், பிறகு நகல் கேட்கலாம் என்று இருந்துவிட்டார். கெடு கடந்துவிட்டது. இப்பொழுது தாமதத்தை மன்னிக்குமாறு தனி மனுப் போட்டுவிட்டு வாய்தாவுக்கு நடக்கின்றார்.

முனிசீப் நீதிமன்றத் தீர்ப்பின்மீது 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்தல் வேண்டும். நகல் தயாரிக்க ஆகும் நாட்களை 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் கழித்துவிடுகின்றது. மனுக் கொடாமல் நாம் வீட்டிலிருந்த நாட்களை அது கழிப்பதில்லை. அறுவடை காத்திருக்குமா என்று கேட்பீர்கள், நியாயமே. ஆயினும் மனு ஒரு தாள்தான். வக்கீல் குமாஸ்தாவிடம் தீர்ப்பு நாளன்றே கொடுத்துவிடலாம்.

அதில் வழக்கு எண், ஆண்டு, இரு தரப்பார் பெயர், தீர்ப்புத் தேதி ஆகியவை இருத்தல் வேண்டும். எண் மறந்திருப்பின் சம்மனைப் பாருங்கள். அண்மைக்கால வழக்காயின், இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் பெயரைக் கொண்டும் தேடலாம். வழக்கிற்கு அயலார் நகல் கேட்பதாயின், காரணத்தைப் பிரமாண வாக்குமூலமாக எழுதி நீதிபதியின் உத்தரவைப் பெறல் வேண்டும்.

மனுக் கொடுத்ததோடு வேலை முடிந்ததென்று பலர் எண்ணுகின்றனர். நகலுக்கு எத்தனை முத்திரைத்தாள் தேவை என்பதை நீதிமன்ற அறிவிப்புப் பலகையில் பின்னர் ஒட்டுவர். அதைப் பாராது கடத்திய நாட்களும் நம் கணக்கிலேயே சேரும். கைக்கு வந்த நகலில் முத்திரையும் கையொப்பமும் உள்ளனவா, மனுச் செய்த நாள், தாள் கேட்ட நாள், தாள் செலுத்திய நாள், நகல் தயாரான நாள் ஆகியவை குறிக்கப்பட்டுள்ளனவா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள்.