அசலைத் தின்றுவிட்டு வருமானம் என்கிறோம்

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஒரு மரம் படுத்துக் கிடக்கிறது. 18 மீட்டர் நீளம். கோடாரி போட்டால் கோடாரிதான் உடையும், ஏனென்றால் அது கல்லாகிப்போன மரம். சுமார் 12 கோடி வருஷத்துக்கு முன்னால், கடல் இந்தப் பக்கம் வரைக்கும் வந்திருந்த காலத்தில் புதைந்துபோனது. 1940-ல் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன் இதைக் கண்டு வெளியுலகுக்குச் சொன்னார். அந்தக் கடலில் வாழ்ந்த சிப்பியும் நத்தையும் மற்ற உயிர்களும் படிந்து இறுகியதுதான் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல். வாரணவாசி அருங்காட்சியகத்துக்குப் போனால் அந்த உயிர்களின் ஓடுகளைக் கண்ணால் பார்க்கலாம்.

அத்தனை கோடி வருஷச் சேமிப்பை இன்றைக்கு லாரி லாரியாக ஆலைக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறோம். நானும் சிமெண்ட் வீட்டில்தான் குடியிருக்கிறேன், அதனால் ஒரு மூட்டை சிமெண்ட்கூட வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. என் கேள்வி கணக்கைப் பற்றியது.

வங்கியில் ஒருவர் வைப்புத்தொகையை உடைத்து உடைத்துச் செலவு செய்கிறார் என்று வையுங்கள். அவர் கடன் விண்ணப்பத்தில், "மாச வருமானம் இருபதாயிரம்" என்று எழுதினால் எந்த மேனேஜரும் ஒத்துக்கொள்ள மாட்டார். "இது வருமானம் இல்லீங்க, உங்க அசல்" என்பார். ஆனால் நாட்டுக் கணக்கில் இதே காரியத்தை வருஷா வருஷம் செய்கிறோம். தோண்டிய கல், அரைத்த சிமெண்ட், லாரி வாடகை எல்லாம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் வரவாகச் சேர்கிறது. பூமிக்குள் குறைந்த கல்லுக்கும், பள்ளமாகிப்போன விளைநிலத்துக்கும் அதில் பற்று எழுதுவதில்லை. இயந்திரத் தேய்மானத்தைக் கழித்துப் பார்க்கும் நிகரக் கணக்கு ஒன்று இருக்கிறது. அதிலும் ஆலை இயந்திரம் தேய்ந்தால் கழிக்கிறார்களே தவிர, பூமி தேய்ந்தால் கழித்துப் பழக்கமில்லை.

அந்தக் கல்லுக்கு நாம் வைத்திருக்கும் விலையையும் பாருங்கள். டன்னுக்கு ராயல்டி 80 ரூபாய் என்று 2014-ல் நிர்ணயித்தார்கள். 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு கனிம நில வரியாக டன்னுக்கு 160 ரூபாய் விதித்தது. ஒரு டன் சிமெண்ட்டுக்கு, அதாவது 20 மூட்டைக்கு, சுமார் ஒன்றரை டன் கல் வேண்டும். வகுத்துப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து மூட்டைக்கு 18 ரூபாய். பாதிக்கப்பட்ட ஊர்களுக்காக மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குக் கட்டும் பங்கு மூட்டைக்கு இரண்டு ரூபாய்கூட வராது.

வந்த பணமும் அந்தந்த வருஷச் செலவில் கரைகிறது. நார்வே நாடு கடலடி எண்ணெயை விற்ற பணத்தைத் தனி நிதியாகப் போட்டு வைத்து, வருஷத்துக்குச் சுமார் 3 சதவீதம் அளவுக்குத்தான் எடுத்துச் செலவழிக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. எண்ணெய் தீர்ந்தாலும் பேரப்பிள்ளைகளுக்கு வட்டி வரும். அரியலூர்க் கல் தீர்ந்தால் நம் பேரப்பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்?

இதை நமக்கு முன்பே சொன்னவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா. லண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்று, பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தி, பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர். காந்தியோடு சேர்ந்த பிறகு கிராமத் தொழில்களுக்காகவே உழைத்தார். சிறையிலிருந்தபோது எழுதி 1945-ல் வெளிவந்த 'நிலைத்த பொருளாதாரம்' நூல் அவருடையது. இயற்கை தருவதை அவர் இரண்டாகப் பிரித்தார். நிலக்கரி, பெட்ரோலியம், கனிமம் எல்லாம் தேங்கிய இருப்பு, எடுக்க எடுக்கக் குறையும். வெயில், மழை, மரம், பயிர் எல்லாம் ஓடிவரும் வரத்து, முறையாகப் பயன்படுத்தினால் வந்துகொண்டே இருக்கும். இருப்பை நம்பிய பொருளாதாரம் போட்டியிலும் சண்டையிலும் போய் முடியும் என்றார். ஐந்தொகை தெரிந்தவர் என்பதால் அவருக்கு அது கண்ணில் பட்டது.

சரி, ஆலைக்காரரைக் குறை சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியுமா? வரத்தில் வாழ வேண்டிய விவசாயத்தையே நாம் இருப்பைச் சுரண்டும் தொழிலாக மாற்றிவிட்டோம்.

பெரம்பலூர் கரிசலில் மக்காச்சோளத்துக்குப் பின் மக்காச்சோளம் போடுகிறோம். ஏக்கருக்கு 25 குவிண்டால் மணி எடுத்தால், அதோடு 35 கிலோவுக்கு மேல் தழைச்சத்து வயலை விட்டுப் போகிறது. மணி கோழித்தீவனமாக நாமக்கல் பக்கம் போகிறது, கோழி எரு நம் வயலுக்குத் திரும்புவதில்லை. 2018-ல் படைப்புழு வந்து சோளத்தைத் தின்றபோது உழவனுக்கு நஷ்டம். ஆனால் அதற்கு வாங்கி அடித்த மருந்தோ, விற்றவர்கள் கணக்கில் வருமானம்.

நானும் இதற்கு உடந்தைதான். வங்கியில் இருந்தபோது எத்தனையோ பயிர்க்கடன் மனுக்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். விதைக்கு இவ்வளவு, உரத்துக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு என்று வரி வரியாக இருக்கும். மண்ணுக்கு ஒரு வரி இருக்காது. கடன் ஒழுங்காகத் திரும்பி வந்தால் "நல்ல கணக்கு" என்போம். அந்த நிலம் அதற்குள் என்ன ஆனது என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. சொந்தமாக மண்ணில் இறங்கிய பிறகுதான் அது உறைத்தது.

ஒரு ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை சுமார் 9 லட்சம் கிலோ. மண் பரிசோதனை அட்டையில் அங்ககக் கரிமம் 0.5-லிருந்து 0.4 சதவீதத்துக்கு இறங்கினால் நாம் "ஒரு புள்ளிதானே" என்போம். அந்த ஒரு புள்ளி ஏக்கருக்கு 900 கிலோ கரிமம். நாம் தின்ற அசல் அது.

அதனால் வரவு செலவு நோட்டோடு இன்னொரு நோட்டும் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கு 'அசல் நோட்டு' என்று பேர் வைத்துக்கொள்ளலாம். எழுத வேண்டியது ஐந்தே விஷயம். தை மாசம் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது? இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்த அங்ககக் கரிமம் எவ்வளவு? கையில் சொந்த விதை எத்தனை ரகம்? மாடு எத்தனை? வரப்பில் மரம் எத்தனை? பணம் கொஞ்சம் குறைந்து இந்த ஐந்தும் கூடியிருந்தால் அது நஷ்ட வருஷம் இல்லை. பணம் கூடி இந்த ஐந்தும் குறைந்திருந்தால், வைப்புத்தொகையை உடைத்துச் சாப்பிட்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

நாட்டுக் கணக்கு எப்போது திருந்துமோ தெரியாது. நம்ம காட்டுக் கணக்கை இந்தத் தையிலேயே நாம் தொடங்கிவிடலாம்.