இலக்கிய மாணவரின் படிப்புச் சுமையும் நன்னூல் காட்டும் நெறியும்

தமிழிலக்கியம் பயிலும் கல்லூரி மாணவர் அடிக்கடி கூறும் குறை ஒன்றுண்டு. படிக்க வேண்டியன மிகுதி. எழுத வேண்டியன அதனினும் மிகுதி. இரண்டிற்கும் காலம் போதாது என்பதே அது. இதனைச் சோம்பலின் குரலெனத் தள்ளிவிடுதல் எளிது, ஆயின் முறையன்று. சுமையின் அளவு யாது, இயல்பு யாது என ஆராய்தல் வேண்டும்.

முதற்கண் அளவினைக் காண்போம். குறுந்தொகை, கடவுள் வாழ்த்து நீங்கலாக, 401 பாடல்களை உடையது. அவை பெரும்பாலும் எட்டடிக்கு மேற்படாதன. நாளொன்றுக்கு ஐந்து பாடல்களைத் திணையும் துறையும் உள்ளுறையும் நோக்கிப் படிப்பினும் நூல் முற்ற 81 நாள் செல்லும். ஒரு பருவத்திற் கற்பித்தற்குரிய நாள்களோ ஏறத்தாழ 90. அப்பருவத்திலேயே இலக்கணமும் இலக்கிய வரலாறும் பிறவும் உள. ஆதலின் பாடத்திட்டம் நூலின் ஒரு பகுதியையே வரையறுக்கின்றது. அப்பகுதியையும் மூலத்திற் படியாது வினாவிடைக் குறிப்புகளை நாடுவோர் பலர். நெடுந்தொலைவு பேருந்தில் வந்து செல்வோர்க்கும், மாலையிற் கடைகளிற் பணிபுரிந்து கற்போர்க்கும் வேறு வழி அரிது.

இனி இயல்பினைக் காண்போம். கற்கும் முறையைப் பவணந்தியார் நன்னூற் பொதுப்பாயிரத்தில் அளவிட்டே கூறுகின்றார். ஒரு நூலை இருமுறை கேட்பவன் பெரிதும் பிழைபடான். மும்முறை கேட்பவன் முறையறிந்து உரைக்க வல்லவனாவான். எனினும் ஆசிரியர்பால் நன்கு கேட்டதனால் மட்டும் வருவது புலமையிற் காற்பங்கே. உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைப்பதனால் நிரம்பும்.

இவ்வரைப்பங்கே ஈண்டுச் சிந்தித்தற்குரியது. பிறர்க்கு உரைக்கும் வாய்ப்பு இன்றைய வகுப்பறையில் மிகக் குறைவு. அதன் இடத்தில் நிற்பது எழுத்துப்பணி. எனவே கட்டுரை எழுதுதல் படிப்பின்மேல் ஏற்றப்பட்ட தனிச்சுமையன்று. படிப்பின் பாதி எனலாம். ஆனால் நடப்பது யாது? அகமதிப்பீட்டின் பொருட்டு எல்லாத் தாள்களுக்குமுரிய கட்டுரைகள் ஒரே வாரத்திற் கேட்கப்படுகின்றன. மாணவர் குறிப்பேட்டினின்றும் இணையத்தினின்றும் பெயர்த்தெழுதித் தருகின்றனர். கை உழைக்கின்றது, கருத்து உழைப்பதில்லை. சுமை குறையாதிருக்க, பயன் மட்டும் நீங்கிவிடுகின்றது. மாணவர்தம் மனக்குறைக்கு மூலம் பெரும்பாலும் இதுவே.

இதற்குச் செய்யத்தக்கன மூன்று. தாள்தோறும் பல கட்டுரைகள் கேட்பதை விடுத்து, ஒரே பாடலைத் தானே படித்துத் தன் சொல்லால் விளக்கும் இரண்டு பக்கம் போதுமெனக் கொள்ளலாம். கட்டுரை தரவேண்டிய நாள்களைத் துறையாசிரியர் கலந்து வகுத்துக்கொள்ளலாம். எழுதுமுன் மாணவர் நால்வர் ஐவராகக் கூடி உசாவுதற்கு வாரத்தில் ஒரு பாடவேளை ஒதுக்கலாம். தொலைவிலிருந்து வருவோர்க்கு அவ்வேளை வகுப்பு நேரத்துள்ளேயே அமைதல் இன்றியமையாதது.

இவ்வாறு செய்யின் படிக்கும் பக்கங்களின் தொகை குறையலாம். மும்முறை படித்த பாடல்களின் தொகை மிகும். மூலத்தை ஒருமுறையேனும் தானே படித்துணராத மாணவர் நாளை ஆசிரியராகுங்கால் அவர் கையிலும் குறிப்பேடே இருக்கும். அக்குறை ஒரு மாணவரோடு நில்லாது தலைமுறையாய்த் தொடரும் என்பதனை எண்ணிப் பாடத்திட்டம் வகுப்போர் ஆவன செய்தல் வேண்டும்.