நாய்க்கு ஏன் இப்படி இரைக்கிறது?

போன சித்திரையில் நடந்த சம்பவம் இது. அழகர்கோவிலுக்கு வந்த ஒரு குடும்பம் காரை மர நிழலில் நிறுத்தி, கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டு, உள்ளே பக் நாயை விட்டுப் போயிருக்கிறார்கள். பதினெட்டாம்படிக் கருப்பரைக் கும்பிட்டு, பெருமாளைச் சேவித்து, தோசைப் பிரசாதத்தோடு திரும்ப முக்கால் மணி நேரம். அதற்குள் நிழல் நகர்ந்துவிட்டது! நாக்கு கருஞ்சிவப்பாகத் தொங்க, எச்சில் நுரையாக வழிய, நிற்க முடியாமல் நாய் தள்ளாடியது. "நாய்னா இரைக்கத்தானே செய்யும், பயப்படாதீங்கம்மா" என்று சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். அந்த ஆறுதல்தான் ஆபத்து.

இரைப்பது நாய்க்கு இயற்கைதான். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கோ முக்கியமாகப் பாதத்தின் அடியில்தான் வியர்க்கும். அது உடம்புச் சூட்டைத் தணிக்கப் போதாது. மண்பானை கசிந்து உள்ளேயுள்ள தண்ணீர் குளிர்கிறதல்லவா? அதே மாதிரி, மூக்கின் உள்மடிப்பிலும் நாக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது ரத்தத்தின் சூடும் கூடவே போகிறது. இதற்காக நிமிடத்துக்கு 300 தடவைகூட நாய் இரைக்கும். எல்லாம் மேலோட்டமான சின்ன மூச்சு. ஊஞ்சலை அதன் போக்கிலேயே உந்துவது போல, அதிகச் சிரமம் இருக்காது. மழைக்கு முந்தின புழுக்கத்தில் மட்டும் ஈரம் லேசில் ஆவியாகாது; அன்றைக்கு நாய் எவ்வளவு இரைத்தாலும் பலன் குறைவு.

பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப் பாதையே குறுகல். பார்க்க அழகு, வெயிலுக்கு ஆகாது. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் நம்ம ஊர் வெயிலுக்குப் பழகியவை. அதற்காக மொட்டை மாடியில் கட்டிப்போட்டால் அவையும் தாங்காது.

ஓடி விளையாடினாலும், பட்டாசுச் சத்தத்துக்கு மிரண்டாலும் நாய் இரைக்கும். நிழலில் தண்ணீர் வைத்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அடங்காவிட்டால்தான் கவனிக்க வேண்டும். மனிதனுக்கு நாளொன்றுக்கு 21,600 சுவாசம் என்பது எங்கள் சித்த மருத்துவக் கணக்கு. நிமிடத்துக்கு 15 வரும். தூங்கும் நாய்க்கு 30-க்குள் இருக்க வேண்டும். விலா ஏறி இறங்குவதைக் கடிகாரம் வைத்து எண்ணிப் பாருங்கள். தினமும் 30-ஐத் தாண்டினால் இதயமோ நுரையீரலோ திணறுகிறது என்று சந்தேகிக்கலாம். ஈறு வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் குறைந்திருக்கலாம். வயிறு உப்பி, ஓங்கரித்தும் வாந்தி வராமல் தவித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அதில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். குட்டி ஈன்ற நாய் இரைத்துக்கொண்டே நடுங்கினால் சுண்ணாம்புச் சத்து குறைந்த அறிகுறி. ஈறு நீலம் பாரித்தால் கேட்கவே வேண்டாம், உடனே ஓடுங்கள்.

நாக்கைத் தொங்கப் போட்டாலே வெறிநாய் என்று கல்லெடுப்பவர்களும் உண்டு. அது தவறு. வெறிநோயில் தாடை தொங்கும், விழுங்க முடியாது, குரலும் குணமும் மாறும். அந்தச் சந்தேகம் இருந்தால் வாயில் கை வைக்காதீர்கள். கடித்துவிட்டால் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே ஊசிக்குப் போங்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், அதற்குப் பச்சிலை உதவாது.

அந்தப் பக் நாயை நிழலுக்குத் தூக்கி வந்து, வயிறு, தொடையிடுக்கு, கழுத்தெல்லாம் குழாய்த் தண்ணீரை ஊற்றி, பிரசாதத் தட்டாலேயே விசிறினோம். ஐஸ் தேடி நேரத்தைப் போக்க வேண்டியதில்லை. ஈரத் துண்டைப் போர்த்தி மூடவும் கூடாது, சூடு உள்ளேயே அடைபடும். மயங்கின நாயின் வாயில் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

"ஏதாவது கஷாயம் குடுங்களேன் வைத்தியரய்யா" என்றார் அந்த அம்மா. "பாரசிட்டமால் இருக்கு, குடுக்கலாமா?" என்றார் கணவர். இரண்டும் வேண்டாம் என்றேன். இது காய்ச்சல் அல்ல, வெளியேற முடியாத சூடு. போதாக்குறைக்கு, பாரசிட்டமால் நாயின் ஈரலைக் கெடுக்கும். நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி. 106-ஐத் தாண்டினால் மூளை, சிறுநீரகம் எல்லாம் பாதிக்கும். தெளிந்து எழுந்த பிறகும் மறுநாள் பாதிப்பு தெரியலாம் என்பதால், வாலை ஆட்டியதும் வீட்டுக்குக் கூட்டிப் போகாமல் நேரே மதுரைக்குக் கால்நடை மருத்துவரிடம் அனுப்பினேன். இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றினார்களாம். பிழைத்துக்கொண்டது.